முப்பதோடு நின்றுவிடும் மாத்திரை

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆரணி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அதில் பாதி. ஆசிரியர் கண்ணெதிரே மென்று விழுங்க வேண்டும். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் இது. 1 வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்கு வருகிற பாட்டி தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்பதில்லை; கேட்டாலும் அந்த வயதுக்குக் கொடுக்கத் திட்டத்தில் இடமில்லை. "பூச்சியெல்லாம் கொழந்தைங்களுக்குத்தானே" என்பார்கள். ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிக்கிற பிள்ளை, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாத பிள்ளை: வயிற்றுப் பூச்சி என்றதும் நம் மனதில் வருகிறவர்கள் இவர்கள்தான்.

ஒரு வகைப் புழுவுக்கு இந்த நினைப்பு சரி. இன்னொரு வகைக்குச் சரியில்லை. அந்த இன்னொரு வகைதான் நம் பக்கத்தில் அதிகமாக இருக்கிறது. எந்தப் புழு எந்த வயதில் ஏறுகிறது, எந்த வயதில் இறங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பதைக் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரு துறையாகவே வளர்த்திருக்கிறார்கள். அதன் அடிப்படையான களப்பணிகளில் சில தமிழ் மண்ணில் நடந்தவை. அந்தக் கணக்கு என்ன சொல்கிறது, நாம் அதை எந்த அளவுக்குக் கேட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1980களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றிய எல்கின்ஸ், ஹாஸ்வெல்-எல்கின்ஸ் ஆகியோரும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊராருக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அதன்பின் இரண்டு நாள், ஒவ்வொருவரின் மலத்தையும் தனித்தனியே வாங்கி, தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசி, வெளிவந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். முட்டையை எண்ணி உத்தேசமாகப் புழுவைக் கணிப்பது ஒன்று. புழுவையே கையில் எடுத்து எண்ணுவது வேறு. அருவருப்பான வேலைதான், ஆனால் அப்படிக் கிடைத்த எண்ணுக்கு ஈடு கிடையாது. எண்ணிய ஒவ்வொரு புழுவுக்கும் நேராக ஒரு மனிதரின் வயது இருந்தது.

அந்தக் கிராமத்திலும் பிற நாடுகளின் கிராமங்களிலும் எண்ணியதை வரைந்து பார்த்தபோது ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. நாக்குப்பூச்சி என்று ஊரில் சொல்கிற உருண்டைப்புழு, பிறந்த சில ஆண்டுகளிலேயே விறுவிறுவென்று ஏறி, 5 முதல் 15 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கிவிடுகிறது. சாட்டைப்புழுவும் பெரும்பாலும் அப்படித்தான். கொக்கிப்புழு அந்த வழியில் போவதில்லை. அது மெதுவாக ஏறுகிறது. பத்து வயதிலும் ஏறுகிறது, இருபதிலும் ஏறுகிறது. அதற்கு மேல் ஒரு மட்டத்தை எட்டினால் பெரும்பாலான இடங்களில் அப்படியே நிற்கிறது. சில இடங்களில் முதுமை வரை ஏறிக்கொண்டே போகிறது.

ஏன் இப்படி? ஆண்டர்சனும் அவருடைய சக ஆய்வாளர் ராபர்ட் மேயும் 1980களில் எழுதிய சமன்பாடுகளின் மையம் மிக எளிது. புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை. உள்ளே இடும் முட்டை வெளியே போய், மண்ணில் பக்குவப்பட்டு, மறுபடி ஓர் ஆளுக்குள் நுழைந்தால்தான் இன்னொரு புழு. ஆகவே ஒருவர் உடலில் உள்ள புழுக்களின் எண்ணிக்கை வரவும் செலவும் சேர்ந்த கணக்கு: ஆண்டுக்கு எத்தனை நுழைகின்றன, எத்தனை செத்துப்போகின்றன. ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்குப் பத்துப் புழு நுழைகிறது, ஒரு புழு சராசரி இரண்டு ஆண்டு வாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றோடு பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதில் பன்னிரண்டு பதின்மூன்று புழு இருக்கும். ஆறு வயதில் பத்தொன்பது. அதன்பின் எத்தனை வயதானாலும் இருபதைத் தாண்டாது. வருவதும் போவதும் சமமாகிவிடும். வயது இங்கே ஒரு கடிகாரம். எத்தனை காலமாக இந்த மண்ணோடு பழகியிருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது.

இந்த எளிய கணக்கோடு நிஜத்தை ஒப்பிடும்போதுதான் விஷயம் துலங்குகிறது. உருண்டைப்புழு சுமார் ஓராண்டுதான் வாழும். கணக்குப்படி நான்கைந்து வயதில் மட்டமாகி, அப்படியே நிற்க வேண்டும். நிஜத்தில் பெரியவர்களிடம் குறைகிறது. அப்படியானால் வயது ஏற ஏற வரவு குறைந்திருக்க வேண்டும்: மண்ணில் புரண்ட கையை வாயில் வைப்பது நின்றிருக்கலாம், அல்லது உடம்பு எதிர்ப்பைக் கற்றிருக்கலாம். கொக்கிப்புழு சில ஆண்டுகள் வாழும். கணக்குப்படி பத்துப் பதினைந்து வயதிலாவது மட்டமாகியிருக்க வேண்டும். நிஜத்தில் இருபதுக்கு மேலும் ஏறுகிறது. அப்படியானால் பள்ளியை விட்ட பிறகு வரவு கூடியிருக்கிறது.

எங்கிருந்து கூடுகிறது என்பதை ஆரணியைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆரணி என்றால் வெளியூருக்குப் பட்டு. உள்ளூருக்குப் பட்டும் நெல்லும். ஜவ்வாது மலையில் பிறந்து வருகிற கமண்டல நாகநதியும் ஏரிகளும் நனைக்கிற கழனிகள் ஒருபுறம், அரிசி ஆலைகள் ஒருபுறம், நடுவே தறி வீடுகள். நாற்று நடவும் களையெடுப்பும் பெண்கள் வேலை. கணுக்கால் வரை சேற்றில் நிற்கிற வேலைக்குச் செருப்பு கிடையாது. வெளிக்குப் போவது ஏரிக்கரையிலும் புதர் மறைவிலும் என்று இருந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. பல ஊர்களில் இன்னும் முழுதாக முடியவில்லை. கொக்கிப்புழுவின் முட்டைக்கு வேண்டியது நிழலும் ஈரமும் வெதுவெதுப்புமான மண். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரித்து, ஐந்திலிருந்து பத்து நாளில் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். விரலிடுக்கில் நுழைந்த இடத்தில் அரிப்பும் சிறு கொப்புளமும் வரும். சேற்றுப்புண் என்று எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடுவார்கள். அதற்குள் அது ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலில் பல் பதித்துவிட்டிருக்கும்.

தறியில் உட்காருகிறவர் கதை வேறு. குழித்தறியில் அவர் காலும் மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது, மிதியை மாற்றி மாற்றி அழுத்தியபடி. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கிற உலர்ந்த குழி. புழு வளர அங்கே ஈரமும் இல்லை, முட்டையும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே வயதில், கணவன் பாவோடும் மனைவி கழனியோடும் நாளைக் கழித்தால், 'வயது 38' என்கிற ஒரே கட்டத்தில் இருவரையும் போட்டு எடுக்கிற சராசரி இருவரையும் காட்டாது. வயதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. வயது என்கிற அச்சின் அடியில் தொழில் ஒளிந்திருக்கிறது, ஆண்-பெண் வேறுபாடு ஒளிந்திருக்கிறது, சாதித் தெருவும் ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் சராசரிக்குள் ஒளிகிறது. ஊரில் எல்லாருக்கும் ஒரே அளவில் புழு இருப்பதில்லை. தொற்றுள்ளவர்களில் மிகப் பலருக்குச் சில புழுக்கள்தான். சிலரிடம் ஏராளமாக இருக்கும். ஊரின் மொத்தப் புழுவில் பெரும்பகுதி ஐந்தில் ஒரு பங்கு ஆட்களுக்குள் அடங்கிவிடும். பழவேற்காட்டில் மருந்து கொடுத்த பின்னரும் தொடர்ந்து பார்த்தார்கள். உருண்டைப்புழு ஓராண்டுக்குள் பழைய அளவை நெருங்கிவிட்டது. முன்பு யாருக்கு அதிகம் இருந்ததோ அவர்களுக்கே மறுபடியும் அதிகம் சேரும் போக்கும் தெரிந்தது. உடல்வாகா, வீட்டு வாசலா, வேலையா? வரைகோடு அதற்குப் பதில் சொல்லாது. வயதோடு புழு குறைவதற்கும் இதே சிக்கல் உண்டு. எதிர்ப்புச் சக்தியா, பழக்கம் மாறியதா என்று ஓர் ஊரின் வரைகோட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல ஊர்களை ஒப்பிட்டு, தொற்று கடுமையான ஊரில் உச்சம் இளவயதிலேயே வந்துவிடுகிறதா, லேசான ஊரில் தாமதமாக வருகிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். அப்படி வந்தால் உடம்பு கற்றுக்கொள்கிறது என்பதற்கு அது சாட்சி.

புதுச்சேரியில் இந்தக் கணக்கு யானைக்கால் புழுவுக்குப் போடப்பட்டது. 1975இல் அங்கே நிறுவப்பட்ட நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1980களில் கொசு ஒழிப்பு நடத்தியபோது, அதற்கு முன்னும் பின்னும் மக்களின் ரத்தத்தில் இருந்த நுண்புழுவை வயதுவாரியாகப் பதிவு செய்திருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய கணினி மாதிரியில் அந்தத் தரவைப் பொருத்திப் பார்த்து, முதிர்ந்த யானைக்கால் புழு சராசரி பத்து ஆண்டு அளவுக்கு வாழும் என்று 2004இல் வெளியிட்டார்கள். மனித உடலுக்குள் நிணநீர் நாளத்தில் கிடக்கிற புழுவின் ஆயுளை யாரும் நேரில் பார்த்து எண்ண முடியாது. வயதுக் கோட்டின் வளைவிலிருந்து அதைக் கறந்தெடுத்தார்கள். யானைக்காலுக்கு ஒரு வருஷம் மாத்திரை கொடுத்துவிட்டு நிறுத்தினால் ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அதே தர்க்கத்தைக் கொக்கிப்புழுவுக்கு வைத்துப் பாருங்கள். அதன் ஆயுள் சில ஆண்டுகள்தான். ஐம்பது வயதுப் பெண்ணின் குடலில் இன்று இருக்கிற கொக்கிப்புழு, கழிவறையே இல்லாத அவருடைய சிறுவயதில் ஏறியதாக இருக்க முடியாது. அது கடந்த சில நடவுகளில் ஏறியது. 'அந்தக் காலத்துப் பிரச்சினை, இந்தத் தலைமுறையோடு போய்விடும்' என்று சொல்ல இந்தப் புழு இடம் கொடுக்காது.

இது ஊகம் இல்லை என்பதற்கு நம் அருகிலேயே ஆதாரம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பழங்குடி ஊர்களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்தவர்களில் 100க்கு 38 பேர் அளவில் கொக்கிப்புழு இருந்தது. உருண்டைப்புழு மிகச் சொற்பம். பிறகு 2017இல் டீவார்ம்3 என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி. இந்தியாவில் இதே கல்லூரியின் பொறுப்பில் ஜவ்வாது மலையும், ஆரணியிலிருந்து ஆற்காடு போகிற சாலையில் இருக்கும் திமிரியும். அந்த நிலப்பரப்பை நாற்பது தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதியில் வழக்கம்போல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை. மீதிப் பாதியில் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், ஆண்டுக்கு இருமுறை, மூன்றாண்டு. பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தால் கொக்கிப்புழுவின் சங்கிலி அறாது, ஊரார் அனைவருக்கும் கொடுத்தால் அறுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அந்தக் கேள்வியே வயதுக் கணக்கிலிருந்து பிறந்தது: 2013இல் ஆண்டர்சன் குழு போட்ட கணக்கு, பள்ளிவழி மருந்து கொக்கிப்புழுவின் பெரும்பகுதியைத் தொடாமலே விடும் என்று சொல்லியிருந்தது. திமிரியிலும் மலையிலும் மருந்துக்கு முன்பு எடுத்த கணக்கெடுப்பும் அதையே காட்டியது. இருந்தது பெரும்பாலும் கொக்கிப்புழு. பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம். சமவெளியைவிட மலையில் அதிகம். பெரும்பாலும் லேசான தொற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகைப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கெடுப்பு எளிதில் நடக்கிற காரியமும் இல்லை. மலத்தை வலையில் தேய்த்து, அச்சுத்துளையில் நிரப்பினால் 41.7 மில்லிகிராம். கண்ணாடித் தகட்டில் பரப்பி, கிளிசரின் ஊறிய தாளால் மூடி, நுண்ணோக்கியில் முட்டைகளை எண்ணி, 24ஆல் பெருக்க வேண்டும். ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று வரும். உருண்டைப்புழு முட்டை கெட்டி ஓடுள்ளது, பொறுத்திருக்கும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. அரைமணி, ஒருமணி நேரம் கடந்தால் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தகடு தயாரானதும் பார்த்தாக வேண்டும். மலையூரிலிருந்து ஆய்வகத்துக்குப் போகிற வழியில் தாமதமானால், இருக்கிற புழு கணக்கில் இல்லாத புழுவாகிவிடும். நோய் கணக்கில் குறைவாகத் தெரிகிற இடங்களில் நோய்தான் குறைவா, பார்க்க நேரமில்லாமல் போனதா என்று நான் கேட்பது இதனால்தான்.

யாரை எண்ணுவது, யாருக்குக் கொடுப்பது என்கிற முடிவு புழுவின் போக்கைப் பார்த்து எடுக்கப்பட்டது குறைவு. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இலங்கைக்கு வந்தபோது முதலில் போனது தோட்டங்களுக்கு. அங்கிருந்த தொழிலாளர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். பிறகு, இலங்கைக்குக் கப்பலேறும் முன் அவர்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமிலேயே மருந்து கொடுக்கும் வழக்கம் வந்தது. அப்போது பெரியவர்களைத்தான் கவனித்தார்கள். சோகை பிடித்த கூலி கொழுந்து குறைவாகப் பறிப்பார் என்பதே தோட்டத்துக்காரரின் கவலை. இப்போது பிள்ளைகளைக் கவனிக்கிறோம். வளர்கிற உடம்பு, படிக்கிற மூளை என்ற காரணம் நியாயமானது. மாத்திரைக்காக வரிசையில் நிற்க வைக்கப் பள்ளிக்கூடம் ஒன்று தயாராக இருக்கிறது என்பதும் காரணம். கழனி வேலைக்குப் போகிற நாற்பது வயதுப் பெண்ணை வரிசையில் நிற்க வைக்கும் இடம் எதுவும் இல்லை. தோட்டத்துக் கணக்கிலும் பள்ளிக்கூடக் கணக்கிலும் சேராதவர் அவர்.

அவர் உடம்பில் நடப்பதைக் கணக்காகச் சொல்கிறேன். நம் பக்கத்தில் பெரும்பான்மையான வகைக் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். ஒன்றும் தெரியாது. நூறு புழு சேர்ந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கில் சராசரியாகப் போவதே 30 முதல் 40 மில்லிதான். குடலில் விழுந்த இரும்புச்சத்தில் ஒரு பகுதி திரும்ப உறிஞ்சப்படும் என்றாலும், அரிசிச் சோறும் ரசமுமாகச் சாப்பிடுகிற உடம்பு மீதியை எங்கிருந்து ஈடுகட்டும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கெல்லாம் புழுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். உணவு, பிரசவம், வேறு குறைபாடுகள் எல்லாம் உண்டு. ஆனால் படியேறினால் மூச்சு வாங்குகிற, கண்ணிமை வெளுத்த பெண்ணுக்கு இரும்பு மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புகிறபோது, காலில் செருப்பில்லாமல் எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு இதில் மற்ற மாநிலங்களைவிட ஓர் அடி முன்னால் இருக்கிறது. இங்கே குடற்புழு நீக்க முகாமில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களையும் சேர்த்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் வரமாட்டார்கள். இருபதைத் தாண்டிய பெண்களைச் சேர்த்தது நல்ல முடிவு. ஆனால் முப்பதில் ஏன் நிற்க வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைப்பேறு வயது என்று சொல்வது 49 வரை. கொக்கிப்புழுவின் கோடு முப்பதில் இறங்குவதில்லை, 49இலும் இறங்குவதில்லை. கழனியில் வேலை செய்கிற ஆண்களைப் பத்தொன்பதுக்கு மேல் எந்த வயதிலும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் காலடியில் விழுகிற முட்டைதான் சில நாளில் பொரித்து, மாத்திரை தின்ற அவர்கள் பிள்ளையின் காலிலேயே ஏறுகிறது.

பெரியவர்களுக்கு மாத்திரை கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. யானைக்கால் நோய்க்காக டி.இ.சி. மாத்திரையும் அல்பெண்டசோலும், இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து கிழவர் வரை, வீடு வீடாகப் போய்க் கொடுத்திருக்கிறோம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் கிராமத் தெருக்களில் நடக்கிறார்கள். அதே பையில் ஆண்டுக்கு இருமுறை இன்னொரு மாத்திரைக்கு இடம் இருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது என்பதும் உண்மை. ஒரு வேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழுத் தொற்றுள்ளவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்குப் பேரைத்தான் குணமாக்கும். ஒரே மருந்தை ஊருக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடுமோ என்ற அச்சமும் நியாயமானது. ஆட்டுப் புழுக்களில் அது நடந்திருக்கிறது. அதனால்தான் எல்லா ஊருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. எந்த ஊரில் பெரியவர்களிடம் இருக்கிறது என்று மலம் சோதித்துப் பார்த்து, அந்த ஊரில் முழுதாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் வருகிற கழிவறையும், கழனி வேலைக்கு ஏற்ற காலணியும் கூடவே வர வேண்டும்.

ஆகவே மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் இது: திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் செய்த கணக்கெடுப்பை ஆரணி, போளூர், செய்யாறு வட்டங்களின் நெல் ஊர்களிலும் செய்யுங்கள், பள்ளிப் பிள்ளைகளோடு நிறுத்தாமல், வயதுவாரியாக, தொழில்வாரியாகச் செய்யுங்கள். கிடைக்கிற எண்ணை வைத்து, முகாமின் வயது வரம்பை மாற்றுங்கள். இதைப் படிக்கிறவர் வீட்டில் வெறுங்காலோடு கழனிக்குப் போகிற, எப்போதும் அசதி என்கிற அம்மாவோ அத்தையோ இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், ரத்தத்தோடு மலத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அல்பெண்டசோல் சாப்பிடக் கூடாது.